பின்பால் மிஷினும் ஒரு துண்டு செம்புக் கம்பியும்



போன வாரம் நான் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அது என்ன? ஐஸ் பெட்டியா, கேரம் டேபிளா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள் மட்டும் சரியாகச் சொன்னாள். அது பின்பால் மிஷின். நம்ம கோவளத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

மாதா கோயில் திருவிழாவில் ஆணி அடித்த பலகைக் கடை வருமே, ஞாபகம் இருக்கிறதா? கோலிக்குண்டை ஸ்பிரிங்கால் தள்ளிவிட்டால் ஆணிகளில் முட்டி முட்டி இறங்கி ஏதாவது ஒரு எண்ணுக் குழியில் விழும். பின்பால் அதன் பெரியப்பா மகன். ஆங்கிலத்தில் பின் என்றால் இங்கே அந்த ஆணிதான். இடுப்பு உயரத்தில் லேசாகச் சாய்ந்த ஒரு பலகை, மேலே கண்ணாடி, உள்ளே 27 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு. குண்டு எதில் இடித்தாலும் மணி அடிக்கும், விளக்கு எரியும், எதிரே நிற்கும் பெட்டியில் எண் சக்கரம் சுற்றி மார்க் ஏறும். குண்டு கீழே ஓடிவிடாமல் தட்டிவிட இரண்டு பக்கமும் கை மாதிரி இரண்டு துடுப்புகள். ஃபிளிப்பர் என்பார்கள். அந்தத் துடுப்பை முதலில் வைத்தது சிகாகோவின் காட்லீப் கம்பெனி, 1947இல். அதற்கு முன்னால் நம் திருவிழாப் பலகை மாதிரி அதிர்ஷ்டம்தான். அதனாலேயே நியூயார்க் நகரத்தில் சூதாட்டம் என்று 1942இல் தடை போட்டார்கள். மேயரே சுத்தியலால் மிஷின்களை உடைத்துப் போட்டோவுக்கு நின்றார். 1976இல் ரோஜர் ஷார்ப் என்கிற பத்திரிகையாளர் நகர மன்றத்தார் முன்னால் மிஷினை வைத்து, குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அப்படியே அடித்துக் காட்டினார். தடை நீங்கியது. பிள்ளைகள் விளையாடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லாத விளையாட்டு எந்த ஊரில்தான் இருக்கிறது!

நம்ம மிஷினும் அதே காட்லீப் கம்பெனியுடையது. 1970களில் செய்தது. உள்ளே கம்ப்யூட்டர் சிப் எதுவும் கிடையாது. ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்க்கும் மிஷின் இருந்ததே, காசு போட்டால் வண்ண வட்டம் சுற்றி விளக்கு எரிந்து அட்டை விழுமே, கிட்டத்தட்ட அந்தக் காலத்துச் சமாசாரம். ரிலே, காயில், மோட்டார், தகடு ஸ்விட்ச், மைல் கணக்கில் வயர். அவ்வளவுதான்.

இதில் நான் எப்படி வந்தேன் என்பதற்கு வருகிறேன். தொண்ணூறுகளில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பையன். (பையன் என்கிறேன், அவன் மகளே பிளஸ் டூ படிக்கிறாள்.) பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்து, இன்றைக்கு கோவளம், முட்டுக்காடு, கேளம்பாக்கம் வரைக்கும் வீட்டு வயரிங் எடுத்துச் செய்கிறான். ஒரு நாள் சாயங்காலம் மணி ஆறரை இருக்கும், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"டீச்சர், ஒரு உதவி. இங்கிலீஷ்ல ஒரு பெரிய படம் இருக்குது. படிச்சுச் சொல்லணும்."

"உள்ள வாடா மொதல்ல."

உள்ளே வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். கெஸ்ட் ஹவுஸுக்கு மூன்று மாதம் முன்னால் முழு வயரிங்கும் இவன்தான் செய்தான். வேலை முடிந்து 42 ஆயிரம் ரூபாய் பாக்கி. போன மாதம் ஓனர் புதுச்சேரியில் ஒரு வீடு காலி செய்யும்போது இந்த மிஷினை வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். மூன்றாம் நாள் புகை வந்துவிட்டது. "உன் வயரிங்தான் வோல்டேஜ் ஏத்தி எரிச்சிருக்கு, பாக்கிப் பணத்தை மறந்துடு" என்று சொல்லிவிட்டார். பணம் போனது ஒரு பக்கம். நம்ம ஊரில் ஒரு எலக்ட்ரீஷியன் கைப்பட்டு மிஷின் எரிந்தது என்று நாலு பேர் பேசினால், அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

"நீ செஞ்சது சரியாத்தான் இருக்கும்" என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் ஓனரும் இருந்தார். "தம்பி, பார்க்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்றேன். "பாருங்கம்மா, எரிஞ்சதுதானே" என்றார்.

பிளக்கைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் மேல்பலகையைத் தூக்கச் சொன்னேன். அடியில் பார்த்தால் கறிவேப்பிலைத் தோட்டம் மாதிரி வயர். எல்லா நிறத்திலும். பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்த படத்தைத் தரையில் விரித்தோம். பாய் நீளம் இருந்தது. முதலில் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒழுங்கு தெரிந்தால் சுலபம். இரண்டு ஓரமும் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு, அதுதான் கரண்ட் வரும் வழியும் போகும் வழியும். நடுவில் ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு. ஒரு படியில் ஸ்விட்ச், ஸ்விட்ச், காயில். அடுத்த படியில் ஸ்விட்ச், காயில். ஒவ்வொன்றுக்கும் வயரின் நிறம் எழுதியிருக்கிறது. ஆட்டம் தொடங்காமல் சும்மா இருக்கும்போது எந்த ஸ்விட்ச் எப்படி இருக்குமோ, அந்த நிலையில்தான் எல்லாவற்றையும் வரைந்திருப்பார்கள். டார்ச் செல், பல்பு, இரண்டு வயர் வைத்து உங்களுக்கெல்லாம் வகுப்பில் செய்து காட்டினேனே, அதையே இருநூறு தடவை வரைந்தால் இந்தப் படம். நான் படிக்கப் படிக்க, அவன் விரலால் வயரைத் தொடர்ந்துகொண்டே போனான். அவனுக்கு ஆங்கிலம் தகராறு, எனக்கு ஸ்க்ரூடிரைவர் தகராறு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள்.

எரிந்த இடம் மூக்குக்கே தெரிந்தது. வலது துடுப்பின் காயில். சுற்றியிருந்த தாள் கருகி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழல் உருகி, இரும்புத் தண்டு அசையவே இல்லை.

இந்தத் துடுப்புக் காயிலில் ஒரு அழகான யோசனை இருக்கிறது. ஒரே காயிலில் இரண்டு சுற்று. ஒன்று தடித்த கம்பி, சுற்று குறைவு, கரண்ட் நிறைய இழுக்கும், குண்டை ஓங்கி அடிக்க. இன்னொன்று மெல்லிய கம்பி, சுற்று அதிகம், தூக்கிய துடுப்பை அப்படியே பிடித்து வைக்க மட்டும். பட்டனை அழுத்தியதும் முதலில் தடித்த சுற்று மட்டும் வேலை செய்யும். துடுப்பு மேலே போய் முட்டியதும் அங்கே இருக்கும் ஒரு சின்னத் தகடு ஸ்விட்சைத் தள்ளித் திறக்கும். உடனே மெல்லிய சுற்றும் தொடரில் சேர்ந்துகொள்ளும், கரண்ட் இறங்கிவிடும். அந்த ஸ்விட்ச் திறக்காவிட்டால்? விளையாடுகிறவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் தடித்த சுற்று முழுக் கரண்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கணம் அடிக்க வேண்டியவனை நாள் முழுக்க ஓடச் சொன்ன மாதிரி. புகையாமல் என்ன செய்யும்?

பார்த்தோம். வலது பக்கத் தகடு ஸ்விட்ச் நெளிந்து, இரண்டு முனையும் ஒட்டிப் பிடித்திருந்தது.

"சரி டீச்சர், ஆனா அதுக்குத்தான் ஃபியூஸ் இருக்குதே. அது போயிருக்கணுமே?" என்றான். நல்ல கேள்வி. ஏழாம் வகுப்பில் இவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதாக ஞாபகமே இல்லை.

ஃபியூஸ் இருந்த பலகையை டார்ச் அடித்துப் பார்த்தோம். விளக்குகளுக்குத் தனி ஃபியூஸ், கண்ணாடிக் குழல், நன்றாக இருந்தது. காயில்களுக்கான ஃபியூஸ் இடத்தில் கண்ணாடிக் குழலே இல்லை. ஒரு துண்டு செம்புக் கம்பியை மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். யாரோ, எப்போதோ, ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று எரிச்சலில் செய்த வேலை. நம் வீடுகளில் செய்யாததா? ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பி கட்டுவது, சிகரெட் தாளைச் சுருட்டி வைப்பது எல்லாம் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் போவது ஒரு தகவல். தகவல் சொல்பவன் வாயைத் துணியால் அடைத்தால் வீடு எரிகிறது.

ஓனர் எட்டிப் பார்த்தார். "இதை இவன்தானே வச்சிருப்பான்?" என்றார்.

பையன் முகம் சிவந்துவிட்டது. எழுந்து ஏதோ சொல்ல வந்தான். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

அந்தக் கம்பி பச்சை பிடித்திருந்தது. மேலாகப் பூத்த பச்சை இல்லை, களிம்பு தடித்து, ஃபியூஸ் பிடிப்போடு ஒட்டி, இடுக்கியால் பிடுங்கினால் பொடியாக உதிர்ந்தது. அதே கூடத்தில் மூன்று மாதம் முன்னால் இவன் போட்ட ஸ்விட்ச் போர்டைத் திறக்கச் சொன்னேன். அதே கடல் காற்று, அதே சுவர். செம்பு லேசாகக் கறுத்திருந்தது, ஆனால் செம்பு நிறம் போகவில்லை. இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மிஷின் இந்த வீட்டுக்கு வந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வோல்டேஜ் ஏறியதா என்பது அடுத்தது. மீட்டர் வைத்ததில் பிளக்கில் 232 வோல்ட். மிஷின் அமெரிக்கக் கணக்கில் 115 வோல்டுக்குச் செய்தது, அதனால் இடையில் ஒரு ஸ்டெப்டவுன் பெட்டி இருக்கிறது. அதிலும் கோளாறு இல்லை. ஆனால் இன்றைய அளவு அன்றைய நாளுக்குச் சாட்சி ஆகாது என்று ஓனர் சொன்னார். நியாயம்தான். அதற்கு வேறு சாட்சி இருந்தது. அந்த மிஷினில் நாற்பதுக்கு மேல் சின்ன பல்பு, எல்லாம் 6 வோல்ட் வகை. காயிலுக்கும் பல்புக்கும் கரண்ட் வருவது ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. வோல்டேஜ் எக்குத்தப்பாக ஏறியிருந்தால் முதலில் சாகிறது அந்தப் பல்புகள். ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரில் பார்த்தோம். நாலே நாலுதான் போயிருந்தது. மற்றதெல்லாம் உயிரோடு. ஓனர் தாமே பத்துப் பல்பை வாங்கிச் சோதித்துப் பார்த்தார். அப்புறம் "டீ சொல்லட்டுமாம்மா?" என்றார்.

காயிலைக் கேளம்பாக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனோம். மெல்லிய சுற்றைப் பிரித்து எண்ணி, பிறகு தடித்ததை எண்ணி, கடைக்காரர் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்து அதே எனாமல் கம்பியில் கட்டிக் கொடுத்தார். உருகிய குழலுக்குப் பதில் லேத் பட்டறையில் பித்தளைக் குழல். கட்டி வந்த காயிலையும் இடது பக்கத்து நல்ல காயிலையும் மீட்டரில் ஒப்பிட்டோம், ஒத்துப்போனது. சரியான அளவு ஃபியூஸ் ரிச்சி தெருவில் கிடைத்தது. நாலு வாங்கி, மூன்றைப் பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டச் சொன்னேன், மறுபடி யாரும் கம்பியைத் தேடக்கூடாது.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது நேராகக் கொடுக்கவில்லை. அவனிடம் சீரிஸ் போர்டு இருந்தது. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், மிஷின் தப்பிக்கும். பல்பு மங்கலாக எரிந்தது. நல்லது. அப்போது அவன் ஒரு காரியம் செய்தான், அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. கையை வைப்பதற்கு முன்னால் மிஷினின் ஓரத்து எவர்சில்வர் பட்டையில் டெஸ்டரை வைத்தான். டெஸ்டர் எரிந்தது.

விளையாடுகிறவர்கள் இரண்டு கையும் வைத்துக்கொள்ளும் இடம் அது. கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து நிற்கும் பிள்ளைகள்.

உடனே நிறுத்தினோம். அந்தக் காலத்து மிஷின்களில் பல, இரண்டே கம்பியோடு வந்தவை, எர்த் கிடையாது. பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் வயரின் ரப்பர் வெடித்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று கம்பி வயராக மாற்றி, கால், ஓரப்பட்டை, காசுக் கதவு எல்லாவற்றையும் எர்த்தில் சேர்க்க வேண்டும். சேர்க்கலாம், ஆனால் அந்த வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா? டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தான், எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தான், எரியவில்லை. பின்பக்கம் போய் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால், குழாயில் மாட்டிய கிளாம்ப் உப்பில் கரைந்து, கம்பி தனியாக மண்ணில் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் இருக்கும் மண் கரண்டை நன்றாகவே இழுக்கும். ஆனால் அதே உப்பு இரும்பைத் தின்றுவிடும். கடலோரத்தில் இருக்கிற நமக்கெல்லாம் இதுதான் கதை.

"எர்த் குழி புதுசா போடணும்னு நான் அப்பவே சொன்னேன் டீச்சர். பில்லுல கூட எழுதியிருக்கேன். சார்தான் பிறகு பார்க்கலாம்னாரு."

எழுதியிருந்தான், உண்மைதான். ஓனரும் மறுக்கவில்லை. ஆனால் இவனையும் நான் விடவில்லை. எர்த் இல்லை என்று தெரிந்தால் கனெக்‌ஷன் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், பில்லில் எழுதிவிட்டால் போதுமா என்று ஓனர் முன்னாலேயே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "போதாது டீச்சர்" என்றான். நாற்பது வயது ஆளைத் திட்டுவது எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

இரண்டு நாளில் புது எர்த் குழி போட்டார்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினான். ஓரப்பட்டையில் டெஸ்டர் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் முழுக் கரண்ட்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், கட கட கட என்று உள்ளே மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. (60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறு சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்துதான் சுற்றும். அதனால் அந்தக் கடகடப்பே கொஞ்சம் சோம்பலாகத்தான் இருந்தது.) பழைய மார்க்கை அழித்து எல்லா எண் சக்கரமும் பூஜ்யத்துக்கு வரும்வரை மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் கண்ணுக்கு எல்லாச் சக்கரமும் பூஜ்யத்தில்தான் நிற்கிறது! வகுப்பில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவன் மட்டும் "உள்ளேன் டீச்சர்" சொல்லவில்லை, அதனால் வருகைப் பதிவேட்டை மூட முடியவில்லை. யார் அந்த ஒருவன்?

பூஜ்யத்துக்கு வந்ததும் விலக வேண்டிய தகடு ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிறது. நான் என் டைரியிலிருந்து காகிதத்தைக் கிழித்து நீளத் துண்டுகளாகக் கொடுத்தேன். ஒவ்வொரு தகட்டு ஜோடிக்கும் நடுவில் ஒரு துண்டைச் செருகினான். முதல் சக்கரம், ஓடுகிறது. இரண்டாவது, ஓடுகிறது. மூன்றாவதில் காகிதம் நுழைந்ததும் மோட்டார் டக்கென்று நின்றது. கெஸ்ட் ஹவுஸ் சமையற்காரம்மா கூடக் கை தட்டினார்.

தகட்டை நிமிர்த்தி, முனைகளைச் சுத்தம் செய்தோம். வெள்ளி முனைகள் அவை, பழைய அம்பாசடர் காரின் பிளாட்டினம் பாயிண்ட் மாதிரி. மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு, பிறகு ஸ்பிரிட் தொட்ட விசிட்டிங் கார்டால் துடைப்பு. அவ்வளவு போதும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று ஓனர் கேட்டார். கூடவே கூடாது. அந்த முனைகளில் தினம் ஆயிரம் தடவை பொறி பறக்கும், பக்கத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால் பற்றிக்கொள்ளும்.

ஓனர் 30 ஆயிரம் அன்றைக்கே கொடுத்தார். மீதி 12 ஆயிரம் அடுத்த மாதம் என்றார், போன திங்கட்கிழமை வந்துவிட்டதாம். காயில் கட்டிய செலவும் அவருடையதே. "புதுச்சேரிக்காரங்ககிட்ட போய்க் கேட்கவா முடியும்?" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான், கோபம் வந்தால் கணக்குப் போடத் தெரியாது.

நான் ஒரு ஆட்டம் ஆடினேன். ஐந்து குண்டும் மூன்று நிமிடத்தில் போய்விட்டது. அவன் மகள் வந்து ஆடினாள், சக்கரம் முழுக்கச் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கே வந்துவிட்டது, அதனால் அவள் எடுத்த மார்க் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மூன்று மணிகளில் நடு மணி மட்டும் இன்னும் அடிக்கவில்லை. காயில் நன்றாக இருக்கிறது, ஃபியூஸும் சரி. படத்தில் அந்தப் படியில் இரண்டு ஸ்விட்ச் காட்டியிருக்கிறார்கள், ஒன்றைத்தான் இதுவரை கண்டுபிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.